மல்சூக்கா: ஒட்டவும் வேண்டும், விடவும் வேண்டும்

துனிசியாவின் ஸ்ஃபாக்ஸ் நகரத்துக்கு வேலைக்கு வந்து முதல் ரமலான் வந்தபோதுதான் மல்சூக்காவைக் கவனித்தேன். பாப் ஜெப்லி வாசலுக்கு வெளியே இருக்கிற சந்தையில் மீன் கடைகளைத் தாண்டினால், சில பெண்கள் துணி மூடிய கூடையோடு உட்கார்ந்திருந்தார்கள். துணியை விலக்கினால் உள்ளே வட்ட வட்டமாக, கோதுமை மாவில் சுட்ட தாள்கள். அதுதான் மல்சூக்கா. தாள் என்றால் நிஜமாகவே தாள்தான். ஒன்றை உரித்து வெயிலுக்கு நேராகப் பிடித்தால் பின்னால் இருக்கிற விரல் தெரிகிறது. ஒரு பக்கம் வழவழப்பு, மறுபக்கம் யாரோ ஈர விரலால் தொட்டுத் தொட்டு எடுத்த மாதிரி சொரசொரப்பு.

துனிசியாவில் பிரிக் செய்வது இந்தத் தாளில்தான். உள்ளே உருளைக்கிழங்கு, சூரை மீன், ஒரு முழு முட்டை வைத்து மடித்துப் பொரித்தெடுப்பார்கள். நோன்பு திறக்கிற மேஜையில் சூப்புக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் இது இல்லாத வீட்டை நான் இதுவரை பார்க்கவில்லை. பாதாமை அரைத்து வைத்து, முக்கோணமாக மடித்துப் பொரித்து, தேன் பாகில் போட்டு எடுத்தால் அதற்குப் பெயர் சம்சா. முதல் தடவை அந்தப் பெயரைக் கேட்டு, காரமாக இருக்கும் என்று நம்பிக் கடித்து ஏமாந்தேன்.

இதே தாள் மொராக்கோவில் வர்க்கா. அரபியில் இலை, தாள் இரண்டுக்கும் அதுதான் சொல். தமிழில் சொல்வதானால் ‘ஏடு’ அப்படியே பொருந்தும். ஃபெஸ் நகரத்துப் பஸ்தீலா, அதாவது புறாக்கறியும் பாதாமும் வைத்து மேலே சர்க்கரையும் பட்டையும் தூவுகிற அந்தப் பெரிய வட்ட பை, வர்க்காவை அடுக்கித்தான் செய்கிறார்கள். அல்ஜீரியாவில் இதை தியூல் என்கிறார்கள். பிரான்ஸில் பாக்கெட்டில் ‘பிரிக் தாள்’ என்று விற்கிறது. எனக்குப் பிடித்த பெயர் துனிசியர்கள் வைத்ததுதான். மல்சூக்கா என்றால் ‘ஒட்டப்பட்டது’. செய்முறை முழுவதும் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறது என்று புரிவதற்கு எனக்கு இரண்டு மாதமும் அடுத்தவர் வீட்டுத் தட்டு ஒன்றும் செலவாயின.

கிரேக்கர்களின் ஃபில்லோவோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஃபில்லோ பச்சை மாவை இழுத்தும் தேய்த்தும் செய்வது, அடுப்பில் வேகிற வரை அது மாவுதான். மல்சூக்கா ஏற்கெனவே ஒரு பக்கம் வெந்த தாள். அதனால்தான் எண்ணெயில் போட்டதும் கண்ணாடி மாதிரி மொறுமொறுப்பாகிறது, உள்ளே ஈரமான பூரணம் இருந்தாலும் சட்டென்று நைந்துபோவதில்லை. சிங்கப்பூர், மலேசியா பக்கம் இருந்தவர்களுக்குச் சுலபமாகச் சொல்லிவிடலாம்: போப்பியா தோல் போடுகிறவர் கையில் மாவை வைத்துக்கொண்டு சூடான தட்டில் தொட்டு எடுப்பாரே, அதன் தூரத்து உறவு.

சரி, தோசை ஊற்றத் தெரிந்தவனுக்கு இது என்ன பெரிய விஷயம் என்று ஆரம்பித்தேன்.

ஊரிலிருந்து பெட்டியில் சுமந்து வந்த இரும்புத் தோசைக்கல் எங்கள் வீட்டில் இருக்கிறது. எட்டு வருடம் பழகிய கல், கருகருவென்று மின்னும். கோதுமை மாவைக் கரைத்து, ரவா தோசைப் பதத்துக்குக் கொண்டுவந்து ஊற்றினேன். வந்தது கோதுமை தோசை. இன்னும் நீர்க்கக் கரைத்து ஊற்றினேன். வந்தது ஓட்டை விழுந்த கோதுமை தோசை. பிறகு சந்தையில் பார்த்தது ஞாபகம் வந்து, மாவைக் கெட்டியாகப் பிசைந்து கையில் உருட்டிக் கல்லில் தொட்டேன். மாவு கல்லில் ஒட்டவே இல்லை. தொட்டால் வழுக்குகிறது, அழுத்தினால் உருண்டை முழுவதும் கல்லில் உட்கார்ந்து அடை ஆகிறது. சூட்டைக் கூட்டினேன். இப்போது தொட்ட மாத்திரத்தில் ஓரம் கருகியது. கடைசியில் தட்டில் மிச்சம் இருந்தது பத்துப் பன்னிரண்டு கருகிய பொட்டுகள். ஒவ்வொன்றும் அந்தக்காலத்து எட்டணா அளவு.

“ஏங்க, இதுக்கு நாலு தோசை ஊத்தியிருந்தா சாப்பிட்டு முடிச்சிருக்கலாம்ல” என்றாள் மனைவி. நியாயம்தான்.

கீழ்த்தளத்தில் குடியிருக்கிற வயதான அம்மா ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவரை நாங்கள் ‘கால்தி’ என்று கூப்பிடுவோம். அம்மாவின் சகோதரியை இங்கே அப்படி அழைப்பார்கள், வயதில் மூத்த பெண்கள் எல்லோரும் அதற்குள் அடங்குவர். அவருக்கு நான் ‘வில்தி’, அவர் பிள்ளை. கருகிய பொட்டு ஒன்றைக் காட்டினேன். கையில் வாங்கி, முகர்ந்து, மெதுவாகக் கேட்டார்: “எண்ணெய் தடவினாயா?”

தடவவில்லை என்றேன். ஆனால் எட்டு வருடம் எண்ணெய் குடித்த கல் அது. தோசைக்கல்லைப் பழக்குவது என்பதே மாவு அதில் ஒட்டாமல் இருக்கத்தானே! மல்சூக்காவுக்கு நேர் எதிரான குணம் வேண்டும். மாவு முதலில் தட்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அப்போதுதான் கையை எடுக்கும்போது ஒரு மெல்லிய படலம் மட்டும் அங்கே தங்கும், மிச்சம் உருண்டையோடு வரும். வெந்த பிறகு தானே தட்டை விட வேண்டும். என் கல் முதல் பாதியிலேயே மாவைத் தள்ளிவிட்டது.

அந்த வாரக் கடைசியில் கால்தி வீட்டுச் சமையலறையில் நின்றேன்.

அவர் அளவு எல்லாம் கண்ணளவு. நான் கையோடு தராசு கொண்டுபோய், அவர் கிண்ணத்தில் போடப் போட நிறுத்துக் குறித்துக்கொண்டேன். பொடி ரவை 300 கிராம், மைதா 200 கிராம், உப்பு 8 கிராம். இங்கே ரவை என்றால் டூரம் கோதுமையில் எடுத்த மஞ்சள் நிற ரவை. குஸ்குஸுக்குக் கூடப் போவது கொஞ்சம் பெரிய ரகம், இதற்கு வேண்டியது நம் சிரோட்டி ரவை மாதிரி மெல்லிசு. முதல் தண்ணீர் 320 மில்லி. இந்தத் தண்ணீரில் பிசைந்தால் சப்பாத்தி மாவைவிடச் சற்றுத் தளர்வாக வரும். அதை இருபது நிமிடம் பிசைந்தார். எழுபது வயதுக்காரர், முழு உடம்பையும் மணிக்கட்டில் இறக்கிப் பிசைகிறார். நான் பத்து நிமிடத்தில் ஓய்ந்துவிட்டேன்.

அரை மணி ஓய்வு. அப்புறம்தான் விஷயமே.

கையைத் தண்ணீரில் நனைத்து மாவுக்குள் விட்டுத் தூக்கிக் கிண்ணத்திலேயே அடித்தார். மறுபடி கை தண்ணீரில், மறுபடி அடி. ஒவ்வொரு தடவையும் ஒரு தேக்கரண்டி தண்ணீர்தான் உள்ளே போகும். முதலில் மாவு அதை ஏற்றுக்கொள்ளாது. வழுவழுவென்று துண்டு துண்டாகப் பிரிந்து விரலுக்கு இடையில் நழுவும், கெட்டுப்போயிற்று என்றுதான் தோன்றும். நான்கு அடி அடித்ததும் மறுபடி ஒன்றுசேரும். இப்படியே இருபத்தைந்து நிமிடத்தில் இன்னும் 110 மில்லி. மொத்தம் 430 மில்லி தண்ணீர், 500 கிராம் மாவுக்கு. இவ்வளவு தண்ணீரை ஆரம்பத்திலேயே கொட்டியிருந்தால் கஞ்சிதான் மிஞ்சியிருக்கும். முதலில் கெட்டியாகப் பிசைந்து கோதுமையின் பசையை வலை மாதிரிப் பின்ன வைத்துவிட்டு, பிறகு அந்த வலைக்குள் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகுத்துவதுதான் கணக்கு.

கடைசியில் கிடைத்தது மாவும் இல்லை, கரைசலும் இல்லை. கிண்ணத்தைச் சாய்த்தால் ஒரே உடம்பாக மெதுவாகச் சரிகிறது. ஒரு பிடி அள்ளித் தூக்கினால் ஒரு முழம் தொங்கி, அறுந்து போகாமல் கைக்கே திரும்பி ஏறுகிறது. பரோட்டா மாவைப் பார்த்தவர்களுக்கு இழுவை புரியும், ஆனால் இதில் எண்ணெய் ஒரு துளி கிடையாது. மேலே ஏடு கட்டாமல் இருக்க ஒரு விரல் தண்ணீர் ஊற்றி மூடி வைத்தார். ஐந்து மணி நேரம். வார்க்கும் முன் அந்தத் தண்ணீரை வடித்துவிட்டு மறுபடி பத்து அடி.

அடுப்பு கனூன். மண்ணால் செய்த கரி அடுப்பு, நம் குமுட்டி அடுப்பின் அக்காள் தங்கை. கரி சாம்பல் பூத்து அடங்கிய பிறகுதான் தட்டை வைத்தார். ஒன்றரைச் சாண் அகலச் செம்புத் தட்டு, கவிழ்த்து வைக்கப்பட்டது. அடிப்பக்கம்தான் இப்போது மேல்பக்கம், அதில் பளபளவென்று ஈயப்பூச்சு. எண்ணெய் தொட்ட துணியை ஒரு முறை தடவி, உடனே உலர்ந்த துணியால் துடைத்துவிட்டார். தடவியதே துடைப்பதற்குத்தான் போல.

வலது கையில் ஒரு பிடி மாவு. அது கையில் சும்மா இருப்பதில்லை, விரல் இடுக்கில் வழிந்து தப்பிக்கப் பார்க்கிறது. அதனால் கை ஓயாமல் மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கிறது, ஊஞ்சலில் குழந்தையை வைத்திருப்பதுபோல. தட்டின் ஓரத்தில் ஒரு தொடல். ‘ப்ஸ்’ என்று ஒரு சின்னச் சத்தம். கை எகிறுகிறது, மாவு கையோடு போகிறது, தட்டில் ஒரு வட்டப் படலம் மட்டும். அதன் மேல் பாதி ஏறுகிற மாதிரி அடுத்த தொடல். ஓரத்தைச் சுற்றி ஒரு வரிசை, அதற்கு உள்ளே இன்னொன்று, நடுவில் கடைசியாக மூன்று. இடையில் ஊசி முனை அளவு வெளிச்சம் தெரிந்த இடங்களில் உருண்டையின் நுனியால் ஒட்டுப்போட்டார். நான் மனதுக்குள் எண்ணினேன், முப்பது தாண்டவில்லை. அதற்குள் ஓரம் வெளுத்து, உலர்ந்து, தானாகக் கொஞ்சம் எழுந்தது. இரண்டு விரலால் அந்த ஓரத்தைப் பிடித்து ஒரே இழுப்பு. முழுத்தாளும் சத்தமே இல்லாமல் வந்தது. திருப்பிப் போடுவது கிடையாது, சிவக்க விடுவதும் கிடையாது. வெளுப்பாக இருக்கும்போதே எடுத்துத் துணிக்குள் போட்டு மூடிவிட வேண்டும். காற்று பட்டால் ஐந்து நிமிடத்தில் அப்பளம்.

நான் போட்டது? முதல் தொடலில் உருண்டை தட்டில் உட்கார்ந்துகொண்டது. “மூஷ் ஹக்கா” என்றார், அப்படி இல்லை. நான் அழுத்தியிருக்கிறேன். தொட வேண்டும், அழுத்தக் கூடாது. இரண்டாவதில் பயந்து வேகமாக எடுத்தேன், தட்டில் ஒன்றுமே இல்லை. ஏழாவது தாளில்தான் ஏதோ ஒரு தேசத்தின் வரைபடம் மாதிரி ஒன்று வந்தது. “பாஹி” என்றார். சரி, நல்லது, பரவாயில்லை மூன்றுக்கும் இங்கே அதுதான் சொல். எந்த அர்த்தத்தில் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

அன்றைக்கு அவர் செய்த உபகாரம்தான் பிரச்சினை ஆனது. “தட்டை எடுத்துப் போ, வீட்டில் பழகு” என்றார்.

எங்கள் வீட்டில் கரி கிடையாது, சிலிண்டர் அடுப்பு. நான் வேலை பார்ப்பது பாஸ்பாரிக் அமிலம் சம்பந்தப்பட்ட ஆலையில், கருவிகள் பக்கம். சூடு என்றால் எண்ணில் தெரிய வேண்டும் என்பது என் வியாதி. அகச்சிவப்பு வெப்பமானி ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், துப்பாக்கி மாதிரி நீட்டினால் எண் காட்டும். தட்டைக் காஸ் மேல் வைத்து நீட்டினேன். 64 டிகிரி. இன்னும் கொஞ்சம் போகட்டும். 71. இன்னும் சூடாகவில்லையே என்று தீயைக் கூட்டிவிட்டு, மாவை அடிக்கப் போனேன். நடுவில் ஆலையிலிருந்து ஒரு போன்.

திரும்பி வந்தபோது தட்டின் நடுவில் பாதரசம் சிந்தியதுபோல் சின்னச் சின்ன முத்துகள். ஈயம் உருகி ஓடியிருக்கிறது. பதறிப்போய்த் துணியால் துடைத்தேன். அதுதான் இரண்டாவது முட்டாள்தனம். முத்துகள் இழுபட்டு, கோடு கோடாகச் சாம்பல் நிறத்தில் படிந்து, நடுவில் உள்ளங்கை அகலத்துக்குச் செம்பு சிவப்பாகப் பல்லைக் காட்டியது.

இத்தனைக்கும் காரணம் எனக்குத் தெரிந்த விஷயம்தான். பளபளப்பான உலோகம் தன் சூட்டைக் கதிர்வீச்சாக அதிகம் வெளியே விடாது. சுற்றி இருக்கிற சுவரையும் கூரையையும்தான் கண்ணாடி மாதிரி பிரதிபலிக்கும். வெப்பமானி அதைப் படித்துவிட்டு 71 என்று சொல்லும், தட்டு அப்போது எங்கேயோ இருக்கும். கரிய தோசைக்கல்லில் இதே கருவி ஒழுங்காகப் படிக்கும். ஆலையில் புதிதாக வருகிற பையன்களுக்கு முதல் வாரமே நான் சொல்லிக்கொடுக்கிற பாடம் இது. வெள்ளீயம் உருகுவது 232 டிகிரியில். கால்தியின் தட்டு என் கருவியைவிடத் துல்லியமாக அதைக் காட்டிவிட்டது.

போய்ச் சொல்லத்தான் வேண்டும். தட்டைத் துணியில் சுற்றிக்கொண்டு கீழே இறங்கினேன். அவர் பார்த்துவிட்டுச் சிரித்தார். “என் மாமியார் கொடுத்தது. அவர் காலத்தில் நானும் ஒரு தடவை உருக்கியிருக்கிறேன்” என்று சொல்லிவிட்டு, “அவரிடம் சொல்லவில்லை” என்று குரலைத் தாழ்த்தினார். மதீனாவுக்குள், அதாவது மதில் சூழ்ந்த பழைய நகரத்துக்குள், ஈயம் பூசுகிறவர் இருக்கிற சந்தையும் சொல்லி அனுப்பினார்.

ஸ்ஃபாக்ஸ் மதீனாவின் மதில் ஒன்பதாம் நூற்றாண்டினது, இன்னும் முழுசாக நிற்கிறது. உள்ளே போனால் சுற்றுலாக் கடைகள் குறைவு, வேலை செய்கிற கடைகள் அதிகம். அந்த நகரத்தில் எனக்குப் பிடித்ததே இதுதான். பூசுகிறவர் தட்டை ஒரு பார்வை பார்த்து, “துணியால் துடைத்தாயா?” என்று கேட்டார். எல்லோரும் செய்வார்கள் போலிருக்கிறது. ஐந்து நாள் கழித்து வரச் சொன்னவரிடம், பூசும்போது பார்க்கலாமா என்று கேட்டு வைத்தேன். போன அன்றைக்குத்தான் நெருப்பில் வைத்தார். பழைய பூச்சை ஏற்கெனவே மணலும் அமிலமும் போட்டுத் தேய்த்து, செம்பை ரோஜா நிறத்துக்குக் கொண்டுவந்திருந்தார். சூடேறியதும் நவச்சாரத்தைத் தூவினார். குபுகுபுவென்று வெள்ளைப் புகை, மூக்கு எரிந்தது. ஈயக்குச்சியை ஒரு தேய்ப்பு, உடனே பஞ்சுக் கத்தையால் ஒரு வழிப்பு. சிவப்பாக இருந்தது ஒரு நொடியில் வெள்ளியாக மாறி ஓடியது. சின்ன வயதில் தெருவில் ‘ஈயம் பூசறதே’ என்று கூவிக்கொண்டு வருகிறவர் எங்கள் வாசலில் உட்கார்ந்து அண்டாவுக்குப் பூசியது அப்படியே. நவச்சார நெடி முதற்கொண்டு மாறவில்லை.

தட்டு இல்லாத அந்த ஐந்து நாளில் சும்மா இருக்க முடியவில்லை. தூரிகை முறையைப் பரிசோதித்தேன். கனூன் இல்லாத வீடுகளில் இப்போது பலர் செய்வது இதுதான். மைதா 140 கிராம், பொடி ரவை 40 கிராம், தண்ணீர் 270 மில்லி, உப்பு ஒரு சிட்டிகை, எண்ணெய் ஒரு மேஜைக்கரண்டி, எலுமிச்சைச் சாறு சில சொட்டு. கட்டி இல்லாமல் கரைத்து, வடிகட்டி, ஒரு மணி நேரம் வைக்க வேண்டும். அகலமான பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, அதன் வாயில் ஒட்டாத தவாவை உட்கார வைத்தேன். ஆவிதான் சூடு, ஆகையால் தவா 100 டிகிரியைத் தாண்டாது. உருகுவதற்கும் ஒன்றும் இல்லை.

சிலிக்கான் தூரிகையால் தடவினால் சீப்பால் வாரிய தலை மாதிரி கோடு கோடாக விழுகிறது. பெயின்ட் கடையில் இரண்டு அங்குல மயிர்த் தூரிகை ஒன்று வாங்கி, கொதிநீரில் கழுவிப் பயன்படுத்தினேன். மயிர் இரண்டு உதிர்ந்தது, மற்றபடி அருமை. குறுக்கே ஒரு தடவை, நெடுக்கே ஒரு தடவை, அவ்வளவுதான். ஒன்றரை நிமிடத்தில் ஓரம் எழும். முதல் நாளே பதினைந்தில் பன்னிரண்டு முழுத்தாள் கிடைத்தது. அப்போது கொஞ்சம் கர்வம்கூட வந்தது.

பொரித்துப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரிந்தது. தூரிகைத் தாள் மொறுமொறுப்பாகத்தான் வருகிறது, ஆனால் எல்லா இடமும் ஒரே கனம், ஒரே மொறுமொறுப்பு, வறுத்த அட்டை மாதிரி. ஆறினதும் சீக்கிரம் தோல் தட்டிப்போகிறது. தொட்டுத் தொட்டு எடுத்த தாளில் பொட்டும் பொட்டும் ஏறிய இடம் சற்றுக் கனம், நடுப்பகுதி ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. பொரியும்போது மெல்லிய இடங்கள் கொப்புளித்து நொறுங்குகின்றன, கனத்த இடங்கள் பிடித்துக்கொள்கின்றன. மடிக்கும்போதும் அது மடிப்பில் கிழிவதில்லை. அவசரத்துக்குத் தூரிகை போதும், நானும் இன்னும் செய்கிறேன். ஆனால் முட்டை வைத்து மடிக்கிற பிரிக்குக்கு அதை நம்ப மாட்டேன்.

தட்டு திரும்பி வந்தது. இந்தத் தடவை கருவியை எடுக்கவில்லை. விரல் நுனியால் ஒரு சொட்டுத் தண்ணீர் தெளித்தேன். சொட்டு அப்படியே கிடந்து முனகினால் சூடு போதாது. சீறி, அந்த இடத்திலேயே மறைந்தால் சரி. உருண்டு திரண்டு தட்டின் மேல் ஓடி விளையாடினால் சூடு எக்கச்சக்கம், உடனே இறக்கு. சூடு குறைந்தால் மாவு ஒட்டிக்கொண்டு விடாது, உருண்டையோடு சேர்ந்து இழுத்துக் கனமாகப் படியும். கூடினால் ஒட்டுவதற்கு முன்பே வெந்துவிடும், படலம் விழாது.

இன்னொரு தொந்தரவு காஸ் தீயின் வளையம். கரி முழுத் தட்டையும் ஒரே மாதிரி சுடும். காஸோ ஒரு வளையமாக மட்டும் சுடும். வளையத்தின் மேலே தாள் கருக, நடுவில் பச்சையாக நிற்கும். இரண்டு மூன்று யோசனை வீணான பிறகு, மனைவிதான் சொன்னாள்: “அந்தத் தோசைக்கல்லை அடியில வெச்சுப் பாருங்களேன்.” வைத்தேன். காஸ் மேல் தோசைக்கல், அதன் மேல் கவிழ்த்த செம்புத் தட்டு. கனத்த இரும்பு சூட்டை வாங்கி, பரப்பி, மெதுவாக மேலே அனுப்பியது. எதற்கு உதவாது என்று முதல் நாளே ஒதுக்கி வைத்தேனோ, அதுவே இப்போது கனூன்.

500 கிராம் மாவில் அன்று 34 தாள் போட்டேன். 9 கிழிந்தன, பெரும்பாலும் முதல் பத்தில். இருபதாவதற்கு மேல் கை தானாகவே ஆடத் தொடங்கியது, அதைப் பற்றி யோசித்தால் உடனே தப்பியது. மாவு கையில் சூடாகிக் குழைய ஆரம்பித்தால், அதைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு வேறு பிடி எடுப்பது நல்லது. நான்கைந்து தாளுக்கு ஒரு முறை தட்டை ஈரத்துணியால் ஒரு துடைப்பு. இல்லையென்றால் பழைய மாவின் துகள் கருகிப் புதுத்தாளில் ஓட்டை போடும்.

கிழிந்ததை எறியவில்லை. துனிசியாவில் தஜீன் என்றால் மொராக்கோவின் கூம்பு மூடி போட்ட மண்சட்டிக் குழம்பு இல்லை. முட்டை, கறி, சீஸ் எல்லாம் கலந்து அடுப்பில் வேகவைத்துத் துண்டு போடுகிற பண்டம். அதில் மல்சூக்கா தஜீன் என்று ஒரு வகை. தட்டில் தாளைப் பரப்பி, நடுவில் கோழிக்கறியும் முட்டையும் கலந்த கலவை, மேலே மறுபடி தாள்கள், வெண்ணெய் தடவி ஓவனில் பொன்னிறம். அடியில் போகிற தாள் கிழிந்ததா இல்லையா என்று யார் பார்க்கப் போகிறார்கள்? நல்ல தாள்களைத் துணியில் சுற்றி, மேலே பிளாஸ்டிக் பை போட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்று நாள் தாங்குகிறது. ஃப்ரீசரில் வைக்கிறவர்கள் இடையிடையே காகிதம் போட்டால், எடுக்கும்போது அழ வேண்டியதில்லை.

மிச்சம் 25 தாள். தட்டைத் திருப்பிக் கொடுக்கப் போகும்போது அவற்றையும் எடுத்துக்கொண்டு போனோம். கால்தி ஒன்றை உருவி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். ஒரு மூலையில் நட்சத்திரம் மாதிரி ஒரு ஓட்டை. அதில் சுண்டு விரலை விட்டு ஆட்டிக் காட்டிவிட்டு, “பாஹி, எண்ணெய் வை” என்றார்.

பிரிக் மடிப்பது ஒரு நிமிட வேலை, ஆனால் அந்த ஒரு நிமிடம் தப்பக் கூடாது. தாளை ஆழமில்லாத தட்டில் விரிக்க வேண்டும், வழவழப்பான பக்கம் கீழே, அதுதான் வெளியே வரப்போகிற பக்கம். நான்கு ஓரத்தையும் உள்ளே மடித்தால் வட்டம் சதுரமாகும். அவித்து மசித்த உருளைக்கிழங்கு, நறுக்கிய வெங்காயம், பார்ஸ்லி, டின்னில் வருகிற சூரை மீன், உப்பில் ஊறிய கேப்பர் மொட்டு நாலைந்து, துருவிய சீஸ். ஹரிஸ்ஸா ஒரு நகக்கண் அளவு. 2022-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய மிளகாய் விழுது அது, நம் நாக்குக்கு ஒரு கரண்டி தாராளமாகத் தாங்கும். இவற்றை ஒரு மூலையில் கிண்ணம் மாதிரிக் குழித்து வைத்து, அந்தக் குழியில் முட்டையை உடைத்து ஊற்றினார். உடனே எதிர் மூலையை மேலே போட்டு முக்கோணம். ஓரத்தை அழுத்தி ஒட்டவில்லை. தட்டை அப்படியே சட்டிக்குச் சாய்த்து, மடிப்பை விரலால் பிடித்தபடி எண்ணெய்க்குள் வழுக்கி விட்டார். ஒரு விரல் ஆழ எண்ணெய், நன்றாகக் காய்ந்தது. சூடு மடிப்பை ஒட்டிவிடுகிறது. கரண்டியால் மேலே எண்ணெயை வாரி வாரி விட்டார். ஒரு பக்கம் ஒரு நிமிடம்கூட இல்லை, திருப்பி இன்னும் கொஞ்சம். வெள்ளைக்கரு வெந்திருக்க வேண்டும், மஞ்சள் ஓட வேண்டும்.

கத்தி முள்ளெல்லாம் கிடையாது. இரண்டு முனையையும் கையில் பிடித்து நடுவில் கடிக்க வேண்டும். கடிக்கும் முன் கால்தி ஒரு கதை சொன்னார். அந்தக் காலத்தில் பெண் கேட்டு வருகிற மாப்பிள்ளைக்குப் பெண்ணின் அம்மா பிரிக் செய்து வைப்பாளாம். மஞ்சள் கரு ஒரு சொட்டுச் சிந்தாமல் சாப்பிட்டு முடித்தால் பெண்ணைக் கொடுப்பார்கள், சிந்தினால் வந்த வழியே போக வேண்டியதுதான். சொல்லிவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எலுமிச்சை பிழிந்து, நடுவில் கடித்தேன். தாள் நொறுங்கிய சத்தம் எனக்கே கேட்டது. நட்சத்திர ஓட்டை இருந்த தாளைத்தான் எனக்கு வைத்திருக்கிறார் என்பது அப்போதுதான் தெரிந்தது. மஞ்சள் கரு அந்த வழியாகவே புறங்கையில் இறங்கி, முழங்கை வரை போய், சட்டையில் முடிந்தது.

மனைவி தன்னுடையதைச் சிந்தாமல் தின்று முடித்துவிட்டு விரலைத் துடைத்துக்கொண்டாள். “நல்லவேளை, எங்கம்மா உங்களுக்குக் கேசரிதான் கொடுத்தாங்க” என்றாள். அதைக் கால்திக்கு அரபியில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. கேசரியை எப்படி விளக்குவது? ரவை என்றேன், சர்க்கரை என்றேன், நெய் என்றேன். “ரவையா?” என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். அடுத்த சனிக்கிழமை அவர் சமையலறையில் நாங்கள் கேசரி கிளற வேண்டும் என்று ஏற்பாடு.